போடியாரின் விதைநெல்

மருமகள் போன கிழமை ஒரு பிளாஸ்டிக் அரிசிப் பெட்டி வாங்கி வந்தாள். வெள்ளைப் பெட்டி, அடியில் ஒரு வாய். பக்கத்தில் இருக்கிற பொத்தானை அழுத்தினால் ஒரு சுண்டு அரிசி தானாக விழும், பிறகு தானாக மூடிக்கொள்ளும். வந்த அன்றே பேரப்பிள்ளைகள் அதை அழுத்தி அழுத்திக் குசினி நிலம் முழுக்க அரிசியாக்கி, ஆளுக்கொரு அடியும் வாங்கிவிட்டார்கள். காற்றுப் போகாது, எறும்பு போகாது, வண்டு பிடிக்காது என்று மருமகளுக்குப் பெருமை. நான் வயதுபோன புத்தியில் மேல்மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டேன்.

"என்ன மாமி, அரிசியப் போய் மணந்து பாக்கிறீங்க?" என்றாள்.

என்ன பதில் சொல்ல? ஒன்றும் மணக்கவில்லை என்பதைத்தான் மணந்து பார்த்தேன். அரிசிக்கு மணமில்லாவிட்டால் உனக்கென்ன குறை என்று நீங்களும் கேட்பீர்கள். ஒரு குறையுமில்லை. சோறு நன்றாகத்தான் வந்தது.

ஆனால் கலியாணம் முடித்து நான் கல்முனைக்கு வந்த அன்று எனக்கு முதலில் அறிமுகமானது மாப்பிள்ளை இல்லை, நெல்லு மணம்தான். நெல்லும் நொச்சியிலையும் சேர்ந்த மணம். வண்டு விழாமல் இருக்க நெல்லுக்குள் நொச்சியிலையைக் காயவைத்துப் போடுவார்கள். அது உடுப்பில் ஏறும், தலைமயிரில் ஏறும், பாயில் ஏறும். கலியாணச் சீலையோடு வாசலில் நின்று நான் தும்மின தும்மலில், மாப்பிள்ளை பகுதியார் பொம்பிளைக்குத் தடிமன் என்று கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்துவிட்டார்கள்.

வீடு என்றால் இரண்டு அறையும் ஒரு குசினியும். குசினியில் பாதி எனக்கு, பாதி மூடைகளுக்கு. அந்த மூடைகள் மூன்று கூட்டமாக அடுக்கியிருந்தன. கதவுப் பக்கம் இருந்தது எங்கள் சாப்பாட்டு நெல். அதுதான் ஆகக் குறைவு. நடுவில், நிலத்தில் படாமல் பலகை போட்டு, மேலே வெள்ளைத் துணி மூடி இருந்தது எங்கள் வேதக்கோயில் வயலின் விதைநெல். மூலையில் இருந்தது மீராலெவ்வைப் போடியாரின் விதைநெல். போடியார் என்றால் எங்கள் பக்கத்தில் வயற்காணி உள்ள பெரிய மனிதர். இவர், அதாவது என்னுடைய வீட்டுக்காரர், அவருடைய வயலை வாரத்துக்குச் செய்தார். விளைவதில் அவருக்கொரு பங்கு, எங்களுக்கொரு பங்கு.

கோயில் நெல் ஏன் எங்கள் குசினியில் என்றால், இவர்தான் எங்கள் சபையின் உக்கிராணக்காரர். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். காணிக்கைப் பையை எடுத்துப் போவது, விளக்குக்கு எண்ணெய் பார்ப்பது, எந்தக் காலத்திலோ ஒரு புண்ணியவான் கோயிலுக்கு எழுதிவைத்த நாவிதன்வெளிப் பக்கத்து வயலை விதைத்து அறுப்பது, அதில் வருவதையும் பிடியரிசியையும் கஷ்டப்பட்ட வீடுகளுக்குக் கொடுப்பது. சம்பளம் கிடையாது. கொடுத்தால் ஏன் அவனுக்குக் கொடுத்தாய் என்று ஒரு ஏச்சு, கொடுக்காவிட்டால் வேறொரு ஏச்சு. அதுதான் வருமானம்.

பிடியரிசி என்பது இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. உலையில் போட அரிசி அளந்த பிறகு, அந்த அளந்ததிலிருந்து ஒரு பிடியைத் திருப்பி எடுத்துத் தனிப் பானையில் போட வேண்டும். மூடையில் இருந்து எடுத்தால் அது கணக்கில்லை. சமைக்க எடுத்ததிலிருந்துதான் எடுக்க வேண்டும். அன்றைக்கு வீட்டில் எல்லாரும் ஒரு வாய் குறைவாய்ச் சாப்பிட வேண்டும் என்பதுதான் அதன் பொருள். ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டுப் பெண்களும் சீலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்து கோயில் வாசலில் உள்ள பானையில் கொட்டுவோம். எனக்குக் கை சிறிது. வந்த புதிதில் நான் பிடி எடுப்பதை இவர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "புள்ள, இது ஆண்டவருக்கா, அணிலுக்கா?" என்று கேட்டார். அடுத்த நாளிலிருந்து கோபத்தில் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டேன். அதற்கும், "மனிசர் திங்க ஏதும் மிஞ்சுமா?" என்றார். அப்படி ஒரு ஆள்.

கோயில் பொருள் என்றால் இவருக்கு ஒரு நடுக்கம் இருந்தது. கோயில் தென்னை ஒன்று எங்கள் வேலியோடு சாய்ந்து நின்றது. அதில் இருந்து தேங்காய் எங்கள் பக்கம் விழுந்தால், சமையலுக்குத் தேங்காய் இல்லாமல் நான் பச்சைத்தண்ணியில் கறி வைத்துக்கொண்டு இருந்தாலும், எடுத்து வேலிக்கு மேலால் அந்தப் பக்கம் எறிந்துவிடுவார். அணில் கோதிய குரும்பையைக்கூட எறிந்தார். அந்த அணிலும் கோயில் அணிலோ என்று ஒருமுறை கேட்டேன். சிரிக்கவில்லை.

கோயில் மண்வெட்டியும் எங்கள் வீட்டில்தான் இருந்தது. வாழைக்குப் பாத்தி கட்ட அதை எடுக்கமாட்டார். போடியாருடைய மண்வெட்டி வயல் வாடிக் குடிலில் கிடக்கும், அதைத் தூக்கி வருவார். கேட்டு எடுத்தாரா என்றால் இல்லை. போடியாருடையதுதானே, அவர் என்ன சொல்லப்போகிறார் என்பார். அப்போது எனக்கும் அதில் ஒன்றும் பிழையாகத் தெரியவில்லை. ஒரு வீட்டு ஆட்கள் மாதிரித்தானே இருந்தோம்.

போன ஞாயிறு எங்கள் புதிய போதகர் ஐயா உக்கிராணத்துவத்தைப் பற்றித்தான் பிரசங்கித்தார். நல்ல பிள்ளை, பிரயாசைப்பட்டுச் செய்கிறார். சுவரில் படம் விழுத்திக் காட்டினார். ஒரு பெரிய வட்டம், அதில் ஒரு துண்டை வெட்டி, இது ஆண்டவருடையது, மற்றது உங்களுடையது, உங்களுடையதையும் புத்தியாய்ச் செலவழியுங்கள் என்றார். கடன் படாதீர்கள், வீண் விருந்து வைக்காதீர்கள் என்றார். எல்லாம் நல்ல புத்தி, நான் ஒன்றும் குறை சொல்லவில்லை. ஆனால் என் கண் அந்த வட்டத்தில் வெட்டின கோட்டிலேயே நின்றுவிட்டது. இவரும் காலம் முழுக்க அந்தக் கோட்டைத்தான் கவனமாய்ப் பார்த்து நடந்தவர்.

மீராலெவ்வைப் போடியாருக்கு வீடு கல்முனைக்குடியில். உயரமான மனிதர், உயரமான சைக்கிள், அதில் கறுப்புக் குடை கட்டியிருக்கும். என் வீட்டுக்காரருடைய பெயர் யோசேப்பு. போடியார் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை, யூசுப் என்றுதான் கூப்பிடுவார். வேலிப் படலையில் சைக்கிள் மணி அடித்து, "யூசுப், ஹயாத்தோட இரிக்கியா?" என்பார், உயிரோடு இருக்கிறாயா என்று. உள்ளே வந்தால் குசினி மூலைக்கு நேரே போய், மூடைக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு, அடிநெல் எடுத்து, ஒரு மணியைக் கடித்துப் பார்ப்பார். பிறகு என்னைப் பார்த்து, "யூசுப்பட கையில நெல்லுக் கிடந்தா ஊருக்குப் பஞ்சமில்ல புள்ள" என்பார். நான் தேத்தண்ணி வைப்பேன். சீனி கூடப் போடச் சொல்வார். அவர் வீட்டில் சீனியை ஒளித்துவைக்கிறார்களாம்.

விதைநெல் வயல் செய்கிறவர் கையில் இருப்பதுதான் அப்போது வழக்கம். அறுத்து, நல்ல கதிராய்த் தெரிந்தெடுத்து, காயவைத்து, அடுத்த மாரி வரைக்கும் காப்பாற்றுவது வயல் செய்கிறவரின் பொறுப்பு. எழுத்துத் துண்டு இல்லை, சாட்சி இல்லை. போடியார் மூடையில் ஒரு தட்டுத் தட்டி, "இது அமானிதம் யூசுப்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். நம்பிக் கையில் ஒப்படைத்த பொருளை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். எங்கள் உக்கிராணத்துக்கு அது பக்கத்து வீட்டுச் சொல் மாதிரி.

நான் சொல்லவந்த வருஷத்தில் போடியார் தன் கடைசி மகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். தமிழர் ஆனாலும் முஸ்லிம்கள் ஆனாலும் எங்கள் பக்கத்தில் இந்த ஒரு விஷயத்தில் வித்தியாசம் இல்லை. பொம்பிளைப் பிள்ளைக்கு ஒரு வீடு இல்லாமல் கலியாணம் இல்லை. சுவர் எழும்பிவிட்டது. வாற மாரி வேளாண்மையை அறுத்துக் கூரை போட்டால் கலியாணம் என்று முடிவாகி இருந்தது. அந்த வேளாண்மை எங்கள் குசினி மூலையில் மூடையாய் இருந்தது.

அந்த வருஷம்தான் நாட்டுப் பிரச்சினை முற்றினது. அதை விரித்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, உங்களுக்கும் கேட்க விருப்பம் இராது. உட்புறத்து ஊர்களில் இருந்து சனம் தண்ணியைக் கடக்கிற கிட்டங்கித் தாம்போதியால் பிள்ளைகளையும் பொட்டணிகளையும் தூக்கிக்கொண்டு வந்தது. எங்கள் கோயிலுக்குள்ளும் வளவுக்குள்ளும் இருந்தார்கள். எங்கள் சபையார் ஒருவர்கூட அதில் இல்லை, எல்லாரும் சைவச் சனம். போதகர் ஐயா மட்டக்களப்புக்குப் போனவர், ரோட்டுப் பூட்டினதால் அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். ஆகவே கோயிலைப் பூட்டித் திறக்கிற திறப்பும், சனமும், பானையும் இவர் தலையில்.

லொறி வரவில்லை. கடைகளில் முதலில் அரிசி இல்லை, பிறகு மா இல்லை, பிறகு கடையே திறக்கவில்லை. இன்னொன்றும் நடந்தது. எங்கள் ஊரும் போடியாரின் ஊரும் ஒரே ரோட்டில்தான், ஆனால் எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் போவதும் அவர்கள் ஆட்கள் இந்தப் பக்கம் வருவதும் நின்றுபோனது. போடியாரின் சைக்கிள் மணி கேட்டுக் கனநாள் ஆகிவிட்டது.

பிடியரிசிப் பானை முதலில் முடிந்தது. எங்கள் சாப்பாட்டு நெல்லும் அதற்குப் பின்னால் போனது. சபையாரும் இருந்ததைக் கொண்டுவந்து கொடுத்து முடித்துவிட்டார்கள். பிள்ளைகள் முருங்கைக்காய் விதையை உரித்துத் தின்னத் தொடங்கினார்கள். வந்த சனத்தில் பூமணி என்றொரு பெண், வாய்க்காரி. மூன்று பிள்ளைகளும் கைக்குழந்தையும். அவளுக்கு எங்கள் குசினி மூடைகள் கண்ணில் பட்டுவிட்டன. வெள்ளைத் துணி மூடியிருந்ததைக் காட்டி, "அண்ணன், இது ஆர்ட நெல்லு?" என்று கேட்டாள். கோயில் விதைநெல் என்றார். "உங்கட சாமிக்கு வயிறு இரிக்கா, எடுத்து வச்சிருக்கீங்க?" என்றாள். சொல்லிவிட்டுப் போய் விறாந்தையில் குந்தி, பால் வராத முலையைக் குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னேன், கோயில் நெல்லைக் கோயிலில் இருக்கிற சனம் தின்றால் என்ன, அவிழ்த்துக் கொடுங்கள் என்று. எனக்குப் பெரிய ஞானம் இருந்தது என்று எண்ண வேண்டாம். நடுக் குசினியில் அந்த மூடைகளைச் சுற்றிச் சுற்றி நடந்து எனக்கு அலுத்துப்போயிருந்தது. எப்படியாவது போனால் சரி என்பதும் மனதில் இருந்தது.

"அது விதை புள்ள" என்றார். "கர்த்தர்ட விதை. அத அவிச்சிட்டா வயல் தரிசு கிடக்கும். அந்த வயல நம்பி எத்தினை விதவை வீடு கிடக்கு. ஐயா வந்து கேட்டா என்ன சொல்லுவன்? அவர விடு, மேல கேட்டா என்ன சொல்லுவன்?"

அவர் சொன்னதில் பிழை இருந்ததா? இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. விதையைத் தின்னக் கூடாது என்பது யாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் விறாந்தையில் பூமணியின் குழந்தை அழுகிற சத்தம் குறைந்துகொண்டு வந்தது. கூடியிருந்தால் பயமில்லை, குறைந்ததுதான் பயம்.

இவர் கோயிலுக்குள் போய் முழங்காலில் நின்றுவிட்டு வந்தார். வந்து நேரே மூலைக்குப் போய்ப் போடியாரின் மூடைத் தையலை வெட்டினார்.

"அது ஆர்ட எண்டு தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும். அறுப்பில திருப்பிக் குடுப்பம். போடியார் ஓமெண்டுதான் சொல்லுவார்."

"ஒரு சொல்லுக் கேட்டுட்டு எடுங்க. மீன்காரன் மட்டும் ரெண்டு பக்கமும் போய் வாறான், அவன்ட்ட சொல்லிவிடலாம்."

"கேட்டுப் பதில் வாறதுக்குள்ள அந்தப் புள்ள உசிரோட கிடக்குமா?" என்றார். பிறகு சின்னக் குரலில், "நல்ல மனிசன். அவர்ட எடுத்தாக் கோவிக்கமாட்டார்" என்றார். நல்ல மனிதன் என்பதால் அவருடைய மூடையை வெட்டினார். வெள்ளைத் துணியை ஒருவரும் தொடவில்லை.

மில் ஓட எண்ணெய் இல்லை. கோயில் வளவில் உரல் வைத்துப் பெண்கள் குத்தினார்கள். ஒருத்தி களைத்தால் இன்னொருத்தி உலக்கையைப் பிடிப்பாள். அன்றைக்குப் பின்நேரம் முழுக்க அந்தச் சத்தம்தான். தேங்காய்ப்பாலும் முருங்கையிலையும் விட்டுக் கஞ்சி காய்ச்சினோம். கோயில் தென்னைத் தேங்காய்தான். அதை மட்டும் எடுக்கலாம் என்று எப்படி மனம் வந்ததோ, நான் கேட்கவில்லை. பூமணி கஞ்சியை ஊதி ஊதிக் குழந்தையின் வாயில் விட்டுக்கொண்டு, "அண்ணன், உங்கட சாமிக்கு வயிறு இல்லாட்டியும் கண்ணிரிக்கி" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பிறகு ஒருநாளும் காணவில்லை.

அந்த மூடைகள் முடிகிற நேரத்தில் லொறி வந்தது. நிவாரணம் கொடுத்தார்கள். ஒரு பிள்ளையையும் பறிகொடுக்காமல் அந்தச் சனம் தப்பினது. அதற்காக நான் இன்றைக்கும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்கிறேன். இவர் செய்தது முழுக்கப் பிழை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.

ஐப்பசி மழை பிடித்தது. இவர் வெள்ளைத் துணியை எடுத்து, கோயில் நெல்லை ஊறப்போட்டு, முளைகட்டி, ஜெபம் பண்ணி, கோயில் வயலை விதைத்தார். போடியாரின் வயலுக்கு விதை தேடி ஆலையடிவேம்பு வரைக்கும் ஆள் அனுப்பினார். விதை எங்கே இருக்கும்? எல்லா வீட்டிலும் எல்லாரும் தின்றுதானே தப்பினார்கள். கோயில் நெல்லில் பாதியையாவது அந்த வயலுக்குப் போடலாமே என்று நான் கேட்டதற்கு, "அதெப்பிடி?" என்று மட்டும் சொன்னார். கோயில் வயலுக்கும் போடியார் வயலுக்கும் இடையில் ஒரு வரம்புதான். வரம்புக்கு இந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று வேளாண்மை எழும்பினது. அந்தப் பக்கம் கோரை எழும்பினது. நான் சோறு கொண்டுபோகிற நாட்களில் இவர் அந்தப் பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவார்.

பாதை திறந்ததும் போடியார் வந்தார். எங்கள் வீட்டுக்கு வரமுதல் வயலுக்குப் போயிருக்கிறார். படலையில் மணி அடிக்கவில்லை. சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு உள்ளே வந்து, முற்றத்து வாங்குப் பலகையில் இருந்தார். நான் தேத்தண்ணி கொண்டுவந்தேன். வாங்கிப் பக்கத்தில் வைத்தார்.

"யூசுப், என்ட வயல் ஏன் கிடக்கு?"

இவர் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை, ஒன்றையும் கூட்டவும் இல்லை. போடியார் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"சனம் திண்டிச்சா?"

"ஓம் போடியார்."

"சின்னப் புள்ளயளும்?"

"ஓம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அத்தோடு முடிந்தது என்று எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் தலையை நிமிர்த்தி, "மறுகா, உங்கட கோயில் நெல்லு?" என்று கேட்டார்.

"அத விதைச்சன்" என்றார் இவர்.

போடியார் இவருடைய முகத்தைப் பார்த்தார். கோபம் என்றால் எங்களுக்குத் தாங்கலாம். அது கோபம் மாதிரித் தெரியவில்லை.

"கேட்டிரிந்தா நான் வேணாமெண்டு செல்லியிரிப்பனா, தம்பி?" என்றார். யூசுப் என்று சொல்லவில்லை. "ஆண்டவன்ட நெல்லுக்குப் பயந்தாய். அது சரி. அப்ப என்ட நெல்ல ஆர்ட எண்டு நினைச்சாய்?"

போடியார் எழும்பிக் குடையை எடுத்தார். மகளுடைய வீட்டைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. தேத்தண்ணியில் ஆடை படிந்துபோய்க் கிடந்தது. படலையடியில் நின்று என்னைப் பார்த்து, "கோவிக்காத புள்ள, மறுகா வந்து குடிக்கன்" என்றார்.

கலியாணத்தை அடுத்த மாரி அறுப்புக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று மீன்காரன் வந்து சொன்னான். கட்டின சுவரில் தென்னங்கிடுகு போட்டு மூடியிருக்கிறதாம்.

இவர் அதற்குப் பிறகு மாடு மாதிரி வேலை செய்தார். கோயில் வயலில் வந்த தன் கூலிப் பங்கு, மற்றவர்களின் வயலில் அறுக்கப்போய்க் கிடைத்த நெல் எல்லாவற்றையும் சேர்த்தார். வீட்டில் நாங்கள் மரவள்ளிக்கிழங்கு தின்றோம். மகன் அப்போது கைப்பிள்ளை, அவனுக்கு மட்டும் சோறு. போடியாரின் நெல்லுக்குக் குறையாமல், அதைவிட ஒரு மூடை கூடவே சேர்ந்தது. நெல்லை மட்டும் கொடுத்தால் போதாது, அந்த மனிதரின் முன்னால் நின்று வாயால் ஒரு சொல் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இடையில் பாதை மறுபடியும் பூட்டி, மறுபடியும் திறந்தது. திறந்த கையோடு ஒரு வண்டில் பிடித்து, மூடைகளை ஏற்றி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கல்முனைக்குடிக்குப் போனார்.

போன மாதிரியே மூடைகளோடு திரும்பி வந்தார். வண்டிலில் இருந்து இறங்கவில்லை. நான் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் சொன்னார்.

போடியாரின் மூத்த மகன்தான் படலையைத் திறந்தாராம். "வாப்பா மவுத்தாகிப் பெய்த்தாரு அண்ணன், போன மாசம்" என்றாராம். "இந்த நிலவரத்தில உங்களுக்கு ஆரு வந்து செல்ற?" என்றாராம். பக்கத்து வளவில் அந்தக் கிடுகு மூடின சுவர் தெரிந்திருக்கிறது. மகளின் கலியாணத்தைப் பார்க்காமலே மனிதர் போய்விட்டார்.

இவர் மூடைகளைக் காட்டி, இது உங்கள் வாப்பாவின் விதைநெல், இறக்கட்டுமா என்று கேட்டிருக்கிறார். மகன் வண்டிலைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாராம்.

"உங்கட ஊட்ட இரிந்து வந்த அண்டைக்கே வாப்பா அத ஸதகாண்டு நிய்யத்து வெச்சிட்டாரு. உம்மாட்டயும் செல்லித்தான் இரிந்தாரு. தர்மமாக் குடுத்தத நாங்க திருப்பி எடுக்கேலா அண்ணன்."

தங்கச்சியின் கலியாணத்துக்காவது எடுங்கள் என்று இவர் கெஞ்சியிருக்கிறார். எடுக்கேலா என்றுதான் சொன்னாராம். கோபமாய்ச் சொல்லவில்லையாம். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொல்லிக் கேட்டாராம்.

யோசித்துப் பாருங்கள். மனிதர் எங்கள் முற்றத்தில் இருந்து எழும்பிப் போன அன்றைக்கே மன்னித்து, அதற்கு மேலேயும் ஒன்றைச் செய்துவிட்டார். எங்களுக்குத் தெரியாது. இவர் ஒரு வருஷம் முழுக்க அவர் முகத்தை நினைத்து நினைத்து உருகினார். அவரோ அந்த வருஷத்திலே ஒருநாள் வந்து அந்தத் தேத்தண்ணியைக் குடித்திருக்கலாம். பாதை விடவில்லை. பாதைதானா என்றும் சில நேரம் யோசிப்பேன். நொந்த மனம் நொந்ததுதானே, தர்மம் என்று எழுதிவிட்டாலும்.

அந்த மூடைகளை இறக்கிக் குசினிக்குள் கொண்டுவந்தோம். கொண்டுவந்து எங்கே அடுக்குவது? எங்களுடையது இல்லை. கோயிலுடையதும் இல்லை. போடியாருடையது என்றால் அவர்கள் எடுக்கமாட்டார்கள். வாசலுக்கும் அடுப்புக்கும் இடையில் கனநாள் அப்படியே கிடந்தது, நான் ஏறிக் கடந்துதான் தண்ணீர் எடுக்கப் போவேன். ஒருநாளும் அலுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் பூமணியின் ஊர்ச் சனம் திரும்பிப் போய் விதைக்க ஒன்றுமில்லாமல் நிற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இவர் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆர் தந்த நெல் என்று கேட்டவர்களுக்கு, மீராலெவ்வைப் போடியார் தந்தது என்றார். அவர்களுக்கு அது ஆர் என்று தெரியாது. தெரிந்தவர் மாதிரித் தலையாட்டி வாங்கினார்களாம்.

உக்கிராண வேலையையும் அந்த வருஷமே விட்டுவிட்டார். ஐயாவும் சபையாரும் எவ்வளவோ சொன்னார்கள். நீர் கோயில் பொருளில் ஒரு மணியும் தொடவில்லையே யோசேப்பு என்று ஐயா சொன்னபோது, இவர் அழுதுவிட்டார். ஏன் அழுகிறார் என்று ஐயாவுக்கு விளங்கவில்லை. சபைக்கு முன்னால் அவரைப் புகழ்ந்து பேசி, ஒரு பொன்னாடையும் போட்டார்கள். அதை இவர் ஒருநாளும் வெளியில் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு இவருக்கு ஒரு பழக்கம் வந்தது. எதை எடுத்தாலும் கேட்டு எடுப்பார். தன் வீட்டிலேயே, "புள்ள, இந்த வாழப்பழத்த எடுக்கட்டா?" என்பார். தான் வாங்கி வந்த பழம்தான். முதலில் எனக்குச் சிரிப்பு, பிறகு எரிச்சல். ஊரில் இவரை மனிசிக்குப் பயந்தவர் என்று பகிடி பண்ணினார்கள். நான் ஒருவருக்கும் விளக்கம் சொல்லவில்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கட்டில் பக்கத்தில் நாங்கள் வைத்த தண்ணீர்ப் போத்தலைக் காட்டி, குடிக்கட்டா என்று என்னைக் கேட்டார். குடியுங்க, உங்கடதுதான் என்றேன். என்னுடைய முகத்தைப் பார்த்து, இல்லை என்பதுபோல மெல்லத் தலையை ஆட்டிவிட்டுக் குடித்தார். அதற்குப் பிறகு அவர் கனநாள் இருக்கவில்லை.

போடியாரின் மகளுக்குப் பிறகு கலியாணம் நடந்தது, பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று கேள்வி. எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லுகிற காலமாகவும் அது இல்லை. அந்த வயலைப் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். வாங்கினவர்கள் கிரவல் மண் கொட்டி நிரப்பி மதில் கட்டியிருக்கிறார்கள். கோயில் வயல் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தொகைக்குக் குத்தகையாய்ப் போகிறது, அந்தப் பணம் வங்கிக்குப் போகிறது, சபையில் ஒருவர் காலிலும் சேறு படுவதில்லை. பிடியரிசிப் பானை எங்கே போனது என்று கேட்டேன், ஒருவருக்கும் நினைவில்லை.

இப்போது ஊருக்கு ஊர் பகை ஒன்றும் இல்லை. அவர்கள் கடையில்தான் நாங்கள் சீலை எடுக்கிறோம், எங்கள் சந்தையில்தான் அவர்கள் மரக்கறி வாங்குகிறார்கள், விலை பேசுகிறோம், சிரிக்கிறோம். ஆனால் அவர்கள் வயலை எங்கள் ஆட்களிடம் வாரத்துக்குக் கொடுத்ததை நான் பிறகு கேள்விப்படவில்லை. எங்கள் ஆட்களும் போய்க் கேட்கவில்லை. விதைநெல் கடையில் தைத்த பையில் வருகிறது, மாரிக்கு மாரி வாங்கி விதைக்கிறார்கள். அவரவர் நெல் அவரவர் வீட்டில் பத்திரமாய் இருக்கிறது. ஒன்றும் காணாமல் போவதில்லை, ஒருவரும் ஒருவரிடமும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கேட்காமல் எடுத்துவிட்டாயே என்று ஒருவரை ஒருவர் நோவதென்றால்கூட, முதலில் ஒருவருடைய மூடை இன்னொருவருடைய வீட்டில் இருக்க வேண்டும்தானே.